முப்பது வினாடியில் சார்ஜ் ஏறிய பேட்டரி எங்கே போனது? என்இசியின் கரிம ரேடிக்கல் பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

2012 மார்ச்சில் ஜப்பானின் என்இசி நிறுவனம் ஒரு பேட்டரியை அறிவித்தது. தடிமன் 0.3 மில்லிமீட்டர். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர் என்பதால் கார்டுக்குள்ளேயே அதை ஒளித்துவிடலாம். வளைத்தால் வளையும். நேர்முனையில் கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற நான்கே தனிமங்களால் ஆன ஒரு பிளாஸ்டிக்தான் அங்கே மின்னூட்டத்தைத் தாங்கியது. இதே குடும்பத்துப் பேட்டரியைப் பற்றி 2005-லேயே அந்த நிறுவனம் சொன்ன இன்னொரு சங்கதி பலரை வாய் பிளக்க வைத்திருந்தது: சார்ஜ் ஏற 30 வினாடி போதும்.

சொன்னது பொய்யில்லை, நிஜமாகவே ஏறியது. ஆனாலும் இன்றைக்கு உங்கள் பர்ஸில் இருக்கும் எந்தக் கார்டிலும் அது கிடையாது. வேதியியல் காலை வாரிவிட்டதா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பேட்டரி எதில் ஜெயித்தது, எதில் சறுக்கியது என்று பிரித்துப் பார்த்தால், ‘ஐந்து நிமிடத்தில் ஃபுல் சார்ஜ்’ என்று இப்போது வருகிற செய்திகளில் எந்த எண்ணை முதலில் தேட வேண்டும் என்பது பிடிபடும்.

டெம்போ

ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுக்கு ரேடிக்கல் என்று பெயர். இவற்றுக்குப் பொறுமை கிடையாது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அதிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கி ஜோடியை நிறைவு செய்துகொள்ளும். எண்ணெய் காறிப்போவது, பிளாஸ்டிக் வாளி வெயிலில் வெளுத்து நொறுங்குவது எல்லாம் இவற்றின் கைவரிசை. இப்படிப்பட்டதைப் பேட்டரிக்குள் அடுக்கி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் விபரீதமாகத்தான் தோன்றும்.

விதிவிலக்காக ஒன்று இருக்கிறது. 1960-ல் சோவியத் வேதியியலாளர்கள் லெபெதெவும் கஸர்னோவ்ஸ்கியும் தயாரித்த டெம்போ. சரக்கு ஏற்றுகிற டெம்போ அல்ல. நீளமான வேதிப்பெயரின் சுருக்கம். நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கைகோத்த பிணைப்பின் மேல் அந்த ஒற்றை எலக்ட்ரான் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு மீத்தைல் தொகுதிகள் வேலி கட்டியதுபோல நிற்பதால் வெளியாள் எளிதில் கிட்டே வர முடியாது. எலக்ட்ரானும் ஒரே அணுவில் குவியாமல் இரண்டிலும் பரவியிருப்பதால் அதற்கும் பதற்றம் குறைவு. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த அந்தத் திடப்பொருளைச் சாதாரணமாகப் பாட்டிலில் போட்டு வைக்கலாம். அதற்கு உறவான அமீன்கள் (நைட்ரஜன் சார்ந்த கரிமச் சேர்மங்கள்) நமக்கு இன்னும் பழக்கம்: பசுமைக்குடில் ஷீட்டு வெயிலில் நொறுங்காமலிருக்கக் கலக்கிற மருந்து இந்தக் குடும்பம்தான். போக்கிரி ரேடிக்கல்களைப் பிடித்துக் கட்டுவதுதான் அங்கே அதன் வேலை.

என்இசியின் ட்சுகுபா ஆய்வகத்தில் கென்டாரோ நகஹாராவும் கூட்டாளிகளும் இந்த டெம்போவை ஒரு பாலிமர் சங்கிலியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அதன் பெயர் பிடிஎம்ஏ. தயாரிப்பில் ஒரு வேடிக்கையான முட்டுக்கட்டை உண்டு. இந்த வகைப் பாலிமர் சங்கிலியை வளர்ப்பதே ரேடிக்கல்கள்தான். டெம்போவோ ரேடிக்கலைக் கண்டால் பிடித்துவிடும். ஆகவே டெம்போவை நேரடியாகக் கோக்கப் பார்த்தால் சங்கிலி வளரவே வளராது. அதனால் முதலில் அமீனாக வைத்துச் சங்கிலியைக் கட்டி, பிறகு ஆக்ஸிஜனேற்றி டெம்போவாக மாற்றினார்கள். இந்த இரண்டாம் கட்டம் நூற்றுக்கு நூறு முடியாவிட்டால், மாறாமல் நின்ற ஒவ்வொரு அமீனும் சும்மா வரும் பயணிதான். எடை சேர்க்கும், மின்னூட்டம் சுமக்காது.

2002-ல் வெளியான அவர்களுடைய முதல் கட்டுரையில் கணக்கு இப்படி இருந்தது: சராசரி மின்னழுத்தம் 3.5 வோல்ட், தாங்கும் மின்னூட்டம் கிலோவுக்கு 77 ஆம்பியர்-மணி, ஏற்றி இறக்கும் சுற்று 500-க்கு மேல் போயும் நிலையான ஓட்டம். அந்தப் பாலிமரின் கோட்பாட்டு உச்சமே கிலோவுக்கு 111 ஆம்பியர்-மணிதான். அதில் 70 விழுக்காடு முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. தோக்கியோவில் வசேதா பல்கலைக்கழகத்தின் ஹிரோயுகி நிஷிதே இதே துறையில் வெவ்வேறு ரேடிக்கல் பாலிமர்களைத் தொடர்ந்து செய்து காட்டினார்.

கரிமப் பேட்டரி அதற்கு முன்னும் இல்லாததல்ல. மின்சாரம் கடத்தும் பாலிமர்களுக்காக ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் 2000-ல் நோபல் வாங்கினார்கள். 1980களின் கடைசியில் பிரிட்ஜ்ஸ்டோனும் செய்கோவும் பாலிஅனிலின் வைத்த பொத்தான் பேட்டரியை விற்பனைக்கே கொண்டுவந்தன. 1991-ல் சோனியின் லித்தியம் அயனி வந்த பிறகு அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

வேகம் எங்கிருந்து வந்தது

வழக்கமான லித்தியம் அயனி பேட்டரியை நெருக்கமாக மூட்டை அடுக்கிய குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயனி கோபால்ட் ஆக்சைடு படிகத்தின் அடுக்குகளுக்கிடையே இருக்கிறது. சார்ஜ் போடும்போது அது படிகத்தின் உள்ளிருந்து ஊர்ந்து வெளியே வர வேண்டும், இரு முனைகளுக்கும் நடுவே அயனிகள் நீந்தும் திரவமான மின்பகுளியைக் கடக்க வேண்டும், எதிர்ப்பக்கம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புக வேண்டும். திடப்பொருளுக்குள் ஊர்வதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம் அதன் மேல் உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் அங்கேதான் தேய்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

பிடிஎம்ஏயில் குடோனே கிடையாது. மின்பகுளியில் அந்தப் பாலிமர் ஊறிய ஜவ்வரிசிபோல உப்பி நிற்கும். திரவம் எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். சார்ஜ் போட்டதும் ஒவ்வொரு டெம்போவும் தன் ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகிறது. அதைச் சமன்செய்ய எதிர்மின் அயனி ஒன்று பக்கத்துத் திரவத்திலேயே தயாராக இருக்கிறது. எந்தப் பிணைப்பும் உடையவில்லை, எந்தப் படிகமும் விரியவில்லை, மூலக்கூறின் வடிவம்கூடப் பெரிதாக மாறவில்லை. எலக்ட்ரான் ஒரு டெம்போவிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்களே, அதுபோல. யாரும் நடக்க வேண்டாம், செங்கல் மட்டும் நகர்ந்தால் போதும்.

2012 மாதிரியின் வெளியீட்டுத் திறன் லிட்டருக்கு 5 கிலோவாட் என்று என்இசி சொன்னது. வேகம் கரிமப் பொருளின் பிறவிக்குணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை அந்தக் காலத்தில் இல்லை என்பேன்.

3 எம்ஏஎச்

இனித்தான் விஷயமே. அந்த 0.3 மில்லிமீட்டர் பேட்டரியின் கொள்ளளவு 3 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கடைக்காரர் சொல்கிற கணக்கில் 3 எம்ஏஎச். கையில் இருக்கும் ஃபோனில் 5,000 எம்ஏஎச் இருக்கும்.

3 எம்ஏஎச்சை 30 வினாடியில் ஏற்ற எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? ஒரு மணி நேரத்தில் 30 வினாடிகள் 120. ஆக 3 × 120 = 360 மில்லி ஆம்பியர். பழைய பட்டன் ஃபோன் சார்ஜரே தாராளமாகக் கொடுக்கும்.

அதே கணக்கை 5,000 எம்ஏஎச் ஃபோனுக்குப் போடுங்கள். 5,000 × 120 என்றால் 600 ஆம்பியர். வெல்டிங் பட்டறையில் சாதாரணமாக ஓடுவதே 100, 200 ஆம்பியர்தான். ஃபோன் பேட்டரியின் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 2,300 வாட்டுக்கு மேல். குளியலறை கீஸர் இழுப்பதைவிட அதிகம். அந்த மின்சாரம் முழுவதும் விரலளவு கேபிள் வழியாக உள்ளங்கையில் இருக்கும் ஒரு பொருளுக்குள் போக வேண்டும். அதில் நூற்றுக்கு 5 பங்கு வெப்பமாக மாறினால்கூட உள்ளங்கையில் 115 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற சூடு.

ஆகவே ‘30 வினாடி’ என்பது பாதி வாக்கியம்தான். மீதிப் பாதி ‘எவ்வளவு’ என்பது. ஒரு தம்ளர் நிரம்பியதைக் காட்டிவிட்டு அண்டாவும் அப்படியே நிரம்பும் என்று படிப்பவர் நினைத்துக்கொண்டால், சொன்னவர் பொய் சொன்னதாகாது. ஆனாலும் படித்தவர் ஏமாந்துதான் போகிறார். என்இசி தன் அறிவிப்பில் கொள்ளளவை மறைக்கவில்லை. ஒரு சார்ஜில் கார்டின் திரையை 2,000 தடவை மாற்றலாம், இருக்குமிடத்தை 35 தடவை அனுப்பலாம் என்று நேர்மையாகவே சொன்னது. தலைப்புகளில் ஏறியது என்னவோ வேகம்தான்.

இதே குழப்பம் இரண்டு வருடம் கழித்துப் பெரிய அளவில் அரங்கேறியது. 2014 ஏப்ரலில் டெல் அவிவில் ஸ்டோர்டாட் என்ற இஸ்ரேல் நிறுவனம் ஒரு சாம்சங் ஃபோனை 30 வினாடியில் சார்ஜ் செய்து காட்டியது. பெப்டைடு எனும் கரிமத் துணுக்குகளால் ஆன தொழில்நுட்பம் என்றார்கள். வீடியோவைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஃபோனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பேட்டரியின் பருமன் கண்ணில் பட்டிருக்கும். 2016-க்குள் கடைக்கு வரும் என்றார்கள், வரவில்லை. அந்த நிறுவனம் பிறகு சிலிக்கான் மிகுந்த எதிர்முனைக்கு மாறி, கார் பேட்டரிப் பக்கம் போய்விட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 2022-ல் அதில் முதலீடு செய்தது அந்தப் புது அவதாரத்துக்காகத்தான், பெப்டைடுக்காக அல்ல.

கரி, வீக்கம், கசிவு

கொள்ளளவு ஏன் அவ்வளவு சிறியது? பாலிமரின் எடையே முதல் காரணம். பிடிஎம்ஏயில் ஓர் எலக்ட்ரானைச் சுமக்க 240 அலகு எடையுள்ள அமைப்பு வேண்டியிருக்கிறது. எலக்ட்ரான் உட்கார்வதோ இரண்டே அணுக்களில். மீதியெல்லாம் வேலியும் தூணும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அதே ஓர் எலக்ட்ரானுக்கு 158 அலகு எடைதான். அதனால்தான் அங்கே கிலோவுக்கு 170, இங்கே 111.

அதோடு போகவில்லை. பிடிஎம்ஏ தனியாக மின்சாரம் கடத்தாது. செங்கல் கைமாற்றம் சிறு தூரத்துக்குத்தான் நடக்கும். அதற்கு மேல் கரியோ கார்பன் இழையோ கலந்து பாதை போட்டுத் தர வேண்டும். தொடக்கக்கால மின்முனைகளில் கரிதான் பெரும்பங்கு, பாலிமர் ஊறுகாய் அளவு. பாதிக்குப் பாதி கலந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 111 என்பது 55 ஆகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் ‘செயல்பொருளின் எடைக்கு’ என்று போட்டுக் கிலோக் கணக்கு எழுதுவது வழக்கம். கரியையும் பசையையும் உறையையும் சேர்த்து நிறுத்தால் அந்த எண் பாதியாகலாம், பத்தில் ஒன்றாகவும் ஆகலாம். கரிமப் பேட்டரிகள் எத்தனையோ இந்த அடிக்குறிப்புக்குள் ஒளிந்திருக்கின்றன.

கன அளவில் நிலைமை இன்னும் மோசம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கரிமப் பொருள்கள் ஒன்றரை மடங்கைச் சுற்றித்தான் நிற்கும். ஃபோனிலும் கார்டிலும் எடையைவிட இடம்தான் பஞ்சம்.

ஜவ்வரிசி உவமையை நீட்டினால் அடுத்த தொல்லையும் புரியும். ஊறினால்தான் வேகம். ஆனால் கூட ஊறினால் குழைந்து கரைந்துவிடும். மின்பகுளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் சங்கிலிகள் மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போய்க் கொட்டிவிட்டு வரும். பேட்டரியைச் சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும். சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுக் கரையாமல் செய்யலாம். முடிச்சு இறுகினால் ஊறல் குறையும், கூடவே வேகமும். இந்தத் துறையில் இருபது வருட உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு பதத்தைப் பிடிப்பதில்தான் கழிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், விளம்பரத்தில் வராதது. ‘கரிமப் பேட்டரி’ என்றாலும் கரிமமாக இருந்தது நேர்முனை மட்டும். 2002 மாதிரியின் எதிர்முனை லித்தியம் உலோகம். ஆக, ‘உலோகம் இல்லாத பேட்டரி’ என்று அதைச் சொல்ல முடியாது.

என்இசியின் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. முந்தைய வடிவம் அலுமினிய உறையால் 0.7 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 2012-ல் மின்சுற்றுப் பலகையின் மேலேயே பேட்டரியை அச்சிட்டு அந்த உறைக் கனத்தைக் குறைத்தார்கள். 500 சுற்றுக்குப் பிறகும் 75 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியது. அன்றைய ஃபோன் பேட்டரிக்கு இணை. பொறியியல் என்ற அளவில் அது அழகான வேலை.

யாருக்கு வேண்டியிருந்தது?

என் கணிப்பில், அந்தப் பேட்டரியைக் கடைசியில் வீழ்த்தியது கார்டுதான். 2005-ல் பார்க்கும்போது எதிர்காலக் கார்டுக்குத் திரை இருக்கும், சிக்னல் அனுப்பும், அதற்குத் தனி மின்சாரம் வேண்டும் என்ற நினைப்பு நியாயமானது. நடந்தது வேறு. கார்டு மின்சாரத்தை வாசிப்பான் கருவியிடமிருந்தே காந்தப்புலம் வழியாக வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. மெட்ரோ கதவில் தட்டும் கார்டு, கடையில் தொட்டுக் கட்டும் கார்டு எதிலும் பேட்டரி இல்லை. திரையும் இருப்பிடமும் கைபேசிக்குப் போய்விட்டன. மெல்லிய, வளையும், மின்னல் வேகப் பேட்டரி தயாராக நின்றது. அதற்கென்று ஒதுக்கியிருந்த நாற்காலி காணாமல் போயிருந்தது. லித்தியம் அயனி கார் பேட்டரித் தொழிலில் நிசானுடன் வைத்திருந்த பங்கைக்கூட என்இசி 2019-ல் என்விஷன் குழுமத்துக்கு விற்று வெளியேறியது.

டெம்போ சாகவில்லை. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் உல்ரிக் ஷூபர்ட் குழு 2015-ல் அதை வேறு வேலைக்கு அமர்த்தியது. டெம்போ பாலிமரை உப்புத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்து, பம்ப் போட்டு ஓட்டும் பாய்வுப் பேட்டரி. மறுபக்கத் தொட்டியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் வயலோஜன் என்ற கரிமப் பொருளின் பாலிமர். நடுவில் சிறுநீரகச் சுத்திகரிப்பில் பயன்படுத்துகிற மாதிரியான மலிவுச் சவ்வு. சங்கிலி பெரியது என்பதால் துளையைத் தாண்டாது. கரைவது இங்கே குற்றமில்லை, அதுதான் தகுதியே. கார்டில் நோயாக இருந்தது தொட்டியில் குணமாகிவிட்டது என்பதில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு. அமெரிக்காவின் பாலிஜூல் நிறுவனமும் கடத்தும் பாலிமர்களை வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் சார்ஜ் ஏறும் பேட்டரியை மின்கட்டமைப்புக்காகச் செய்கிறது. கட்டடத்தின் பின்புறம் நிற்கப்போகிற பெட்டிக்கு எடையும் பருமனும் பெரிய பொருட்டல்ல.

மருதாணியின் பங்காளி

கார்டு அளவை விட்டுக் கார் அளவுக்கு வந்தால், என்இசியின் ஒவ்வொரு சறுக்கலுக்கும் பதில் எழுதியது போன்ற ஒரு பொருள் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மிர்ச்சா டின்கா குழுவினர் செய்த டிஏகியூ. இது ரேடிக்கல் வழியல்ல, குயினோன் வழி. குயினோன் நமக்கு அந்நியமில்லை: மருதாணியில் கை சிவக்கக் காரணமான லாசோன் ஒரு குயினோன், நம் செல்களுக்குள் எலக்ட்ரானைக் கைமாற்றுவதும் ஒரு குயினோன்தான். வளையத்தில் இருக்கும் இரண்டு ஆக்ஸிஜன்களும் ஆளுக்கோர் எலக்ட்ரானை வாங்கும். சின்ன உடம்பு, இரட்டைச் சுமை. லாசோனைப் பேட்டரியில் போட்டும் பார்த்திருக்கிறார்கள். குறை என்னவென்றால் சிறிய குயினோன்கள் மின்பகுளியில் சர்க்கரையாகக் கரைந்துவிடும்.

டிஏகியூவில் மூன்று அறுகோண வளையங்கள் ஒட்டி நிற்கின்றன. ஓரங்களில் அமீன் தொகுதிகள். பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு தாள் தாளாக அடுக்கிக்கொள்ளும். இந்தப் பிடிமானத்தால் அது கரைவதில்லை, மின்சாரத்தையும் ஓரளவு தானே கடத்துகிறது. அதனால் கரிக்கு வேலை குறைவு: மின்முனையில் குறைந்தது 90 விழுக்காடு செயல்பொருளே இருக்கும்படி, செல்லுலோஸும் ரப்பரும் கொஞ்சம் சேர்த்துச் செய்தார்கள். கிலோவுக்கு 306 ஆம்பியர்-மணி, 765 வாட்-மணி. 2,000 சுற்றுக்கு மேல் தாங்கியது. ஆறு நிமிடத்தில் சார்ஜ் ஏறியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த லம்போர்கினி காப்புரிமைக்கு உரிமமும் வாங்கிவிட்டது.

என்இசி கதையைப் படித்த கண்ணோடு இந்த எண்களைப் பார்க்கலாம். 765-ஐ 306-ஆல் வகுத்தால் 2.5 வோல்ட். கோபால்ட் நேர்முனை ஏறத்தாழ 3.9 வோல்ட்டில் ஓடுகிறது. அதே அழுத்தத்தைப் பெற அதிக செல்களைக் கோக்க வேண்டும். அடர்த்திக் குறை இங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. டிஏகியூ லித்தியம் இல்லாமல் பிறக்கும் பொருள்; கோபால்ட் ஆக்சைடோ தன் லித்தியத்தைத் தானே கொண்டுவந்துவிடும். இங்கே எதிர்முனையில் முன்கூட்டியே லித்தியத்தை ஏற்றி வைத்தாக வேண்டும். இன்றைய தொழிற்சாலை வரிசைகள் அப்படிப் பழகியவை அல்ல, எனக்கு மிகப் பெரிய தடையாகத் தெரிவது அதுதான். ஆறு நிமிடம் என்பது நேர்முனையின் வேகம். எதிர்ப்பக்கம் கிராஃபைட் இருந்தால் நெரிசல் அங்கே மாறிவிடும்.

அத்தனையும் தீர்ந்து கார் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். 40 கிலோவாட்-மணி பேட்டரியை ஆறு நிமிடத்தில் நிரப்ப 400 கிலோவாட் வேண்டும். நம் தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்கள் நான்கை, ஒரு வீட்டுக்கும் கரண்ட் விடாமல், ஒரே காருக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும்.